மாமி வெட்டாத ராஸ்பெரிக் குட்டிகள்

பிள்ளைகளே,

என் அக்கா, உங்கள் மாமி, எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிற இன்று, ஆட்டைத் திவசத்துக்கு வந்து ஒரு கவளம் சாப்பிட்டுப் போகிற சொந்தங்களின் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கும். எல்லோரும் வாசிக்கட்டும். ஆனால் நான் இதை எழுதுவது உங்கள் இரண்டு பேருக்காக. எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்க உங்களுக்குப் பொறுமை காணாது என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். நடுவில் தாண்டிப் போக வேண்டாம்.

நான் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த மலரிலும் ஒரு பக்கம் எழுதினேன். மாமி பொறுமையானவர், உழைப்பாளி, கோவில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பவர் என்று எழுதினேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் எழுதவேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்றைக்குச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவப் போனபோது குசினிக்குள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல மனுசிதான். ஆனா நல்ல வேலையைத் தானாத்தானே கெடுத்தவ."

"ஓமோம். லீவு குடுக்கேல்லை எண்ட எரிச்சலிலை வேலை செய்த வீட்டுக் கிழவியின்ரை தோட்டத்தையே வெட்டி அழிச்சவவாம். நீங்கள் கேள்விப்படேல்லையே?"

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன். துவாயில் துடைத்தேன். வெளியே வந்தபோது பாயாசம் தந்தார்கள், வாங்கிக் குடித்தேன். என் அக்காவின் அந்தியேட்டி வீட்டிலேயே அவரைப் பற்றி அப்படிக் கதைத்தார்கள், நான் பாயாசம் குடித்தேன்.

அந்தக் கதை பிழை. அந்தத் தோட்டத்தை வெட்டியது மாமி இல்லை, நான். உங்கள் மாமியின் பெயர் இத்தனை வருடம் அடிபட்டது நான் வாய் திறக்காததால். அதைத்தான் இன்றைக்கு எழுத வந்தேன்.

மாமி பிறந்தது யாழ்ப்பாணத்தில் செம்மண் ஊர் ஒன்றில். உங்கள் அப்பப்பா வாழைத் தோட்டம் செய்தவர். மாமி மூத்தவர், நான் ஒன்பது வருடம் பிந்திப் பிறந்தவன். அப்பம்மா படுக்கையில் விழுந்த வருடம் மாமி பள்ளிக்கூடத்தை நிறுத்தி, சமையலையும் என்னையும் பார்த்துக்கொண்டார். காலையில் எனக்குத் தலை இழுத்துவிட்டு, அப்பப்பாவோடு போய் வாழைக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருவார். பிறகு சண்டை வந்தது. ஊரை விட்டோம், திரும்பிப் போனோம், இன்னொரு தரம் விட்டோம். இரண்டாம் தரம் தோட்டம் எங்கள் கைக்கு வரவில்லை. அப்பப்பா அந்தக் கவலையோடு போனார். மாமிக்கு இரண்டு இடத்தில் கலியாணம் பேசினார்கள். இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவதைப் பேச வீட்டில் பெரியவர்கள் யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு, முதலில் வந்தது மாமிதான். அல்பெர்கேரியாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் நாலு பெண்களோடு ஒரு அறையில் இருந்து வேலை தேடினார். ஆறு வருடம் உழைத்து என்னை எடுப்பித்தார். நான் வந்து இறங்கியபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடா, அங்கை சாப்பாடே தரேல்லையோ? இப்பிடி வாழைநார் மாதிரி வந்து நிக்கிறாய்," என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. அம்மாவை எனக்குப் பேசி முடித்ததும் அவர்தான். நீங்கள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உங்களை முதலில் தூக்கியதும் அவர்தான்.

பிறகு வசதியானவர்கள் இருக்கிற லிபெர்த்தாப் பக்கம், சின்யோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்த வீட்டிலேயே தங்கி எட்டு வருடம் வேலை செய்தார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனால், சின்யோரா இல்லாத நேரத்திலும் மாமி அவருடைய கதிரையில் இருக்கமாட்டார். நானும் இருக்கக்கூடாது. "எழும்பு, அது அவவின்ரை," என்பார். அதே மனுசி மீன்காரனோடு சிசிலியன் பேச்சில் சண்டை பிடித்து விலை குறைக்கிறதையும் பார்த்திருக்கிறேன்.

சின்யோரா இந்த ஊர்க்காரி இல்லை. வடக்கே பனி மலைப் பக்கம் பிறந்து, பலெர்மோக்காரரைக் கட்டி வந்தவர். புருசன் விட்டுப்போன மலை வீடு ஒன்று மதோனியே மலையில் இருந்தது. இங்கே நாங்கள் கோட்டுக்குப் பொத்தான் போடாமல் திரிகிற மாசியில் அங்கே முழங்காலுக்குப் பனி கிடக்கும். ஆனியில் மாமியும் சின்யோராவும் அங்கே போவார்கள், புரட்டாதி முடிய இறங்கி வருவார்கள். ஒவ்வொரு ஆடியிலும் சின்யோரா லம்போனி கேட்பார். லம்போனி என்றால் ராஸ்பெரி. சிவப்பாய், முத்து முத்தாய், உள்ளே கோறையாக இருக்கிற பழம். கடையில் வாங்கிக் கொடுத்தால் ஒன்றை வாயில் போட்டுவிட்டு மற்றதைத் தள்ளிவிடுவார். "தண்ணீருக்குச் சாயம் போட்டிருக்கிறார்கள்," என்பாராம். சின்ன வயதில் தாய் வீட்டு வேலியோரம் பிடுங்கித் தின்ற பழத்தின் ருசி அவருக்கு மறக்கவில்லை.

"நாங்களே நடுவம் சின்யோரா. நான் வாழைத் தோட்டக்காரன்ரை பிள்ளை," என்று மாமி சொன்னார். இத்தாலிப் பேச்சில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. எனக்கு அப்படித்தான் சொல்லிக்காட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விபரமாக எழுதப் போகிறேன். மாமி அறியாமல் வெட்டியிருப்பார் என்று இரக்கப்பட்டுச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அறியட்டும். கனடாவிலும் நோர்வேயிலும் சுவிசிலும் வீட்டுக்குப் பின்னால் இந்தச் செடி வைத்திருக்கிற சொந்தங்கள் வாசித்தால், என் அக்காவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அவர்களுக்கு விளங்கும்.

மலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய பற்றையிலிருந்து கிண்டித் தருகிறேன் என்று வந்தார். மாமி போய் இலையைப் பிரட்டிப் பார்த்தார். மஞ்சள் திட்டு இருந்தது. நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். நோய்ப்பட்ட அடியிலிருந்து வாழைக்குட்டி எடுக்கமாட்டோம், இதுக்கும் அதுதான் என்று எனக்குச் சொன்னார். பஸ் மாறிப் போய் ஒரு நாற்றுப் பண்ணையில் விசாரித்தார். அங்கே இருந்த மனிதர் இரண்டு வகை காட்டினார். ஒரு வகை, இந்த வருடம் முளைக்கிற தடியிலேயே இலையுதிர் காலத்தில் காய்க்கும். அதைப் பனிக்காலம் முடிகிற நேரம் நிலத்தோடு வெட்டிவிடலாம், வேலை குறைவு. மற்ற வகை, இந்த வருடம் முளைக்கிற தடி சும்மா வளரும், பனிக்காலத்தைத் தாண்டி அடுத்த வருடம் ஆடியில்தான் காய்க்கும். காய்த்த தடி அதோடு செத்துவிடும். அதை மட்டும் வெட்டவேண்டும்.

வேலை குறைந்ததைத்தான் நான் என்றால் எடுத்திருப்பேன். மாமி யோசித்தார். இலையுதிர் காலத்துப் பழம் முற்றுகிற நேரம் அந்த உயரத்தில் உறைபனி விழத் தொடங்கிவிடும், பாதி காயாகவே கருகும். விழாவிட்டாலும் சின்யோரா அதற்குள் பலெர்மோவுக்கு இறங்கிவிடுவார். ஆகவே ஆடியில் காய்க்கிறதை எடுத்தார். அதிலும் முள் குறைந்த இனமாய்ப் பார்த்துக் கேட்டு எடுத்தார். சின்யோராவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்த காலம் அது. தடவிப் பிடுங்குகிறவருக்கு முள் குத்தக்கூடாது என்பது மாமியின் யோசனை.

இருபது தடி வாங்கினார். கார்த்திகையில் நட்டோம். நானும் ஞாயிறு லீவில் போயிருந்தேன். சரிவின் அடியில் தண்ணீரும் குளிர் காற்றும் தங்குகிற பள்ளத்தை விட்டு, மேலே மதில் காற்றை மறைக்கிற இடத்தில் வரம்பு கட்டினோம். தக்காளி, உருளைக்கிழங்கு போட்ட இடத்தில் மாமி நட விடவில்லை, அந்த மண்ணில் இதற்கு நோய் வருமாம். வேரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஆழமாய்ப் புதைக்காமல் நட்டு, தடியை ஒரு சாண் விட்டு நறுக்கினார். மேலே பைன் இலைச் சருகு பரப்பினார். வேலித் தூண் நட்டு இரண்டு வரிசை கம்பி இழுத்தது நான்.

"வெளிநாட்டுக்கு வந்தும் மண்வெட்டிதானோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஏன், உனக்கு இஞ்சை மந்திரிப் பதவி வச்சிருக்கினமே? கம்பியை இழு."

முதல் வருடம் தடிகள் வளர்ந்தன, காய்க்கவில்லை. அடுத்த ஆடியில் காய்த்தன. சின்யோரா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தடவித் தடவிப் பிடுங்கி நின்ற இடத்திலேயே தின்றார். நாடி முழுக்கச் சாறு. அவருக்கு ஒரே மகன், வடக்கில் இருக்கிறார். அவர் கொஞ்சக் காலமாய் மலை வீட்டை விற்கவேண்டும், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சின்யோரா போனில் மகனுக்குச் சொன்னதை மாமி கேட்டுக்கொண்டு நின்றார். "என் தோட்டத்தில் லம்போனி காய்க்கிறவரைக்கும் நான் ஒவ்வொரு ஆடியும் இங்கே வருவேன். காய்க்காத வருடம் உன் விருப்பம்." மகனும் சிரித்து, சரி என்றாராம்.

சின்யோரா பலெர்மோவில் இருக்கிறவரைக்கும் மாமிக்கு வேலையும் இருக்க இடமும் உண்டு. ஆகவே அந்த இருபது செடியிலும் எவ்வளவு தங்கியிருந்தது என்று யோசியுங்கள்.

அதே நேரம் சின்யோரா எனக்கும் ஒரு நன்மை செய்தார். லிபெர்த்தாவில் அவர் இருந்த கட்டடத்தில் பாதி அவர்கள் குடும்பத்துடையது. அங்கே வாசலில் இருந்து தபால் பிரித்து, படி கழுவி, ஆள் போய் வருவதைப் பார்க்கிற போர்த்தியேரே வேலையை எனக்கு எடுத்துத் தந்தார். ஒரு வருடக் கொன்ராத்தோ, வேலை ஒப்பந்தம். அதை வைத்துத்தான் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, நான் புதுப்பிக்க முடியும்.

அந்த வருடம் ஐப்பசியில் சின்யோரா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு வெடித்தது. மாமியால் ஆஸ்பத்திரியை விட்டு அசைய முடியவில்லை. மலைத் தோட்டத்தைப் பனிக்காலத்துக்கு ஆயத்தப்படுத்த நான் தனியே போனேன். மாமி போனில் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"காய்ச்ச தடியளை அடியோடை வெட்டு. தோல் உரிஞ்சு மண்ணிறமா நிக்கும், தெரியும். சருகைப் போட்டு மூடு. வேறை ஒண்டும் செய்யாதை."

"எனக்கு வாழை தெரியாதோ அக்கா? சொல்லித் தாறியள்."

"வாழை தெரியும் எண்டு எனக்கும் தெரியும். சொன்னதைச் செய்."

காய்த்த தடிகளை வெட்டினேன். பிறகு பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் ஆள் உயரத்துக்கு ஐந்தாறு தடி நின்றது. ஒரு காய் காய்த்த அடையாளம் இல்லை. சும்மா பசளையைத் தின்றுகொண்டு நிற்கின்றன என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டின தாயை அரிந்துவிட்டு, குட்டிகளில் ஒன்றே ஒன்றை விடுவோம். விடுகிறதும் ஈட்டி மாதிரிக் கூராக நிற்கிற சின்னக் குட்டியைத்தான். மற்றதெல்லாவற்றையும் அலவாங்கால் கிண்டி எடுப்போம். விட்டுவைத்தால் குலை சிறுக்கும். அப்பப்பா அப்படித்தான் செய்தார், எனக்கும் அதுதான் கை வந்தது. உயர்ந்து நின்ற தடிகளை எல்லாம் வேரோடு கிண்டி எடுத்தேன். அடிக்கு ஒன்றாய், பிந்தி முளைத்த பிஞ்சுக் குட்டியை விட்டேன். மாலையாகமுன் வரம்பு கூட்டின முற்றம் மாதிரி இருந்தது. நின்று பார்த்துச் சந்தோசப்பட்டேன். மாமிக்குப் போன் எடுத்து, "துப்புரவாக்கியாச்சு," என்றேன். "நல்லது," என்றார். அவருக்கு ஆஸ்பத்திரி அலுவல், மேலே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் கிண்டி எறிந்தவைதான் வருகிற ஆடியில் காய்க்க இருந்த தடிகள். விட்ட பிஞ்சுகள் பனியில் கருகின.

ஆனியில் சின்யோரா கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் மலைக்குப் போனார்கள். பெட்டி தூக்க நானும் போனேன். மாமி முதல் வேலையாய்த் தோட்டத்துக்குப் போனார். சத்தம் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நிண்ட பெரிய தடியள் எங்கை?"

"எந்தத் தடி?"

"பச்சையா, ஆள் உயரத்துக்கு நிண்டதுகள்."

"அதுகள் காய்க்காததுகள் அக்கா. கிண்டி எறிஞ்சுபோட்டன். அடிக்கு ஒரு குட்டி விட்டனான், எங்கடை ஐயா விடுற மாதிரி."

மாமி வரம்பிலேயே இருந்துவிட்டார். "அதுகள்தானேடா இந்த முறை காய்க்கிறதுகள்," என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அடியில் புதுக் குட்டிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆனால் அவை அடுத்த வருடத்துக்குத்தான்.

ஆடியில் மகன் வந்தார். வீட்டைப் பார்க்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே நின்றேன். சின்யோரா மகனின் கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தார். இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் தடவிக்கொண்டு போனார். திரும்பியும் தடவிக்கொண்டு வந்தார். அவருடைய கையில் ஒன்றும் படவில்லை.

"அம்மா, இங்கே ஒன்றும் இல்லை," என்றார் மகன்.

சின்யோரா கோபமாய்க் கேட்கவில்லை. தன் பாட்டில் கேட்பது மாதிரி, "இதை யார் வெட்டினது?" என்றார்.

நான் வாளியோடு நின்றேன். மாமி என்னைப் பார்த்தார், ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு அவரே முன்னுக்குப் போய், "நான்தான் சின்யோரா. பிழையாய் வெட்டிப்போட்டேன்," என்றார்.

மகன் விடவில்லை. நாற்றுக்காரன் உனக்கு எல்லாம் சொல்லித் தந்தானே, முதல் தரம் சரியாய்ச் செய்தாயே, இப்போது எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார். பங்குனியில் மாமி ஊருக்குப் போய்வர லீவு கேட்டிருந்தார், சின்யோரா நடக்க முடியாமல் இருந்தபடியால் மகன் மறுத்திருந்தார். தடிகள் அதற்கு முன்பே, ஐப்பசியில் வெட்டுப்பட்டவை என்று தெரியாமல், அதை அவரே இதோடு முடிச்சுப் போட்டார். "பழி வாங்கியிருக்கிறாள்," என்று கூட வந்த ஆளுக்குச் சொன்னார். மாமிக்கு அது விளங்கியது. மறுத்துச் சொன்னால் உண்மையைச் சொல்லவேண்டி வரும் என்று பேசாமல் நின்றார்.

பஸ் தரிப்பில் வைத்து நான் சொன்னேன், "அக்கா, நான் திரும்பிப் போய்ச் சொல்லுறன்."

"சொல்லி?"

"நான்தான் எண்டு சொல்லுறன்."

"அந்த மனுசன்தான் உன்ரை கொன்ராத்தோவிலை கையெழுத்து வைக்கோணும். பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது? புரட்டாதியிலை. ரெண்டு குஞ்சுகளையும் கொண்டு கெஸ்தூராப் பொலிஸ் வாசலிலை நிக்கப்போறியோ?"

"அப்ப நீங்கள்?"

"எனக்கு முடிவுத் திகதி இல்லாத பெர்மெஸ்ஸோ இருக்கு. ஆரும் என்னை அனுப்ப ஏலாது. வேலை போனா வேறை வேலை. போ, பஸ் வருது. உந்த முகத்தைத் துடை, பாக்கிறவை நான் அடிச்சுப்போட்டன் எண்டு நினைப்பினம்."

வீடு விற்றாயிற்று. சின்யோராவை மகன் வடக்கே கூட்டிப்போனார். புரட்டாதியில் என் கொன்ராத்தோவில் கையெழுத்து விழுந்தது. நான் நினைத்தேன், பெர்மெஸ்ஸோ கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று. அது வந்தது. அடுத்த புதுப்பிப்பு முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. இரண்டு பனிக்காலம் போய், சின்யோரா இறந்துவிட்டார் என்று கட்டடத்தில் ஒருவர் சொன்னார். அவருக்குச் சொல்ல இருந்த வழியும் அதோடு போயிற்று.

மகன் மலையில் சொன்ன கதை லிபெர்த்தாக் கட்டடத்துக்கு வந்து, அங்கே வேலைக்கு வருகிற எங்கள் ஆட்கள் வழியாய் எல்லா வீட்டுக்கும் போனது. எஜமானியின் தோட்டத்தை எரிச்சலில் அழித்தவளை யார் வீட்டோடு வைத்திருப்பார்கள்? மாமிக்கு அப்படி ஒரு வேலை பிறகு கிடைக்கவே இல்லை. மணித்தியாலக் கணக்கில் படி கழுவப் போனார். இருக்க இடம் இல்லாமல் சீசாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார், உங்கள் அறைக்கு.

மூத்தவளே, இனி எழுதுவது உனக்கு. உனக்கு அப்போது பதினைந்து வயது. நாளைக்குச் சோதனை என்று புத்தகத்தோடு இருந்தாய், மாமி துணி மடித்துக்கொண்டிருந்தார். நீ புத்தகத்தை அடித்து மூடி, பாதி இத்தாலி கலந்து கத்தினாய்.

"நீங்கள் அந்த நொன்னாக் கிழவியின்ரை மரத்தை வெட்டாமல் இருந்திருந்தா உங்களுக்கும் ஒரு காமரா, ஒரு அறை இருந்திருக்கும், எனக்கும் இருந்திருக்கும்! பாஸ்தா, காணும் மாமி!"

நான் வேலைக்குப் போகச் சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்து கிடந்தது. மாமி கதவுக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் குனிந்து நூலைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை," என்று மாமி உனக்குச் சொன்னார், "உன்ரை மாமி கத்தரிக்கோலைக் கண்டா விடமாட்டா. இரவைக்குத் தலைமயிரைக் கட்டிக்கொண்டு படு, கவனம்."

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நான் மற்றச் சப்பாத்தையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன், அதே வேலைக்கு. உன்மேல் பிழை இல்லை, பிள்ளை. வீட்டில் எல்லோரும் நம்பியதைத்தான் நீயும் நம்பினாய். அதை நம்பவைத்தவன் பக்கத்து அறையில் இருந்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மாமிக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வயிற்றில் வருத்தம் என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன், "அக்கா, பிள்ளையளுக்குச் சொல்லட்டோ?"

அவருக்கு எதைப் பற்றி என்று கேட்கத் தேவைப்படவில்லை. "நான் இருக்கேக்கை சொல்லாதை. வந்து வந்து என்னைப் பாத்து அழுவினம். எனக்கு அழுமூஞ்சியளைப் பாக்கிற சீவன் இல்லை. பிறகு உன்ரை விருப்பம்."

பிறகும் ஒரு வருடம் நான் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்துக்கு மாமியின் வாக்கைச் சாட்டாகச் சொல்ல முடியாது. அது முழுக்க என்னுடையது.

போன மாதம் சின்யோராவின் மகன் கட்டட அலுவலாய் வந்தார். வாசலில் மறித்து, அன்று தோட்டத்தை வெட்டியது என் அக்கா இல்லை, நான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "எந்த லம்போனி?" என்றார். விளங்கப்படுத்தினேன். தலையைச் சொறிந்துவிட்டு, "அந்த வீட்டை எப்படியும் விற்றிருப்பேன். வாங்குகிற ஆளையே கூட்டிக்கொண்டுதானே வந்தேன். அதற்காகவா இவ்வளவு காலம்…" என்று தோளில் தட்டிவிட்டு மாடிக்கு ஏறினார்.

அன்றைக்கு வாய் திறந்திருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திருக்காது போல. வீடு போயிருக்கும், சின்யோராவும் போயிருப்பார். ஆனால் மாமி நல்ல பெயரோடு இறங்கி, வேறொரு வீட்டில் கௌரவமாய் வேலைக்குப் போயிருப்பார். இதை அறிந்த பிறகு எனக்குப் பாரம் குறையவில்லை, கூடிவிட்டது. இப்போது எனக்கும் முடிவுத் திகதி இல்லாத பெர்மெஸ்ஸோ இருக்கிறது. ஆபத்து எல்லாம் நீங்கின பிறகு உண்மை சொல்வது வீரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் அன்றுதான் சொன்னேன். அவ அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டா. "எல்லாருக்கும் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு மட்டும் எண்டு சுருக்காதையுங்கோ," என்றா. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

இனி நன்றி சொல்லவேண்டும். மாமியை வைத்தியசாலையில் மாறி மாறிப் பார்த்த சொந்தங்களுக்கும், கிரியைகளை ஒழுங்காக நடத்திய ஐயருக்கும், சமைத்தவர்களுக்கும், கதிரை தூக்கியவர்களுக்கும், தூர தேசத்திலிருந்து போனிலேயே அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமியோடு படி கழுவிய மொரீசியஸ்காரத் தோழிக்குத் தனியாய் நன்றி சொல்லவேண்டும். அவருக்கும் மாமிக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலிதான், ஆனால் கடைசி இரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் சூப் கொண்டுவந்தார். மாமியைப் பற்றிய கதையை அவரும் கேட்டிருந்தார். "நான் நம்பவில்லை, அவள் வாளியைக்கூட மெதுவாய்த்தான் வைப்பாள்," என்று எனக்குச் சொன்னார். கூடப் பிறந்த நான் சொல்லாததை அவர் சொன்னார்.

மாமிக்குத் தலை கழுவி, நகம் வெட்டி, கரண்டியால் ஊட்டிய என் இரண்டு பிள்ளைகளுக்கும் நன்றி. உண்மை தெரியாமலே நீங்கள் அவரை அப்படிப் பார்த்தீர்கள். தெரிந்தால் இன்னும் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துக் கலங்க வேண்டாம். கலங்கவேண்டியவன் நான். என்மேல் கோபம் வந்தால் அடக்கவும் வேண்டாம், முகத்துக்கு நேரே கேளுங்கள். பதில் சொல்ல இருக்கிறேன்.

உறவுகளே, அந்தக் கதையைச் சொன்னவர்கள் யாரோடும் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டதைச் சொன்னீர்கள். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அதை யார் யாருக்குச் சொன்னீர்களோ, அவர்களிடம் திரும்பிப் போய், அது பிழை என்று சொல்லுங்கள். அவ பாவம், தெரியாமல் செய்துவிட்டா என்று சொல்லாதீர்கள். யாரோ வெட்டினார்களாம் என்றும் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.